பழைய, புதிய உடன்படிக்கைகளில் இறைச்சட்டம்: நாசரேத் வட்டார நாட்டுச் சபையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய உடன்படிக்கையில் அருளப்பட்ட இறைச்சட்டம் புதிய உடன்படிக்கைக்கு உட்பட்டோரை எந்த அளவிற்குக் கட்டுப்படுத்தும் என்பது கிறிஸ்தவ இறையியலின் தொடக்ககால வினாக்களுள் ஒன்று. 1857இல் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தை அடுத்துத் தோன்றிய நாட்டுச் சபை இவ்வினாவைத் தமிழ்ச் சூழலில் மீண்டும் எழுப்பியது. ஐரோப்பிய மிஷனரிகளின் அதிகாரத்திலிருந்து விலகிய அச்சபை, அவர்கள் முடிந்துபோனதாகக் கருதிய மோசேயின் சடங்குச் சட்டங்களையே தன் விடுதலைக்கு ஆதாரமாகக் கொண்டது. சட்டத்தின் எப்பகுதி நிலைத்தது, எப்பகுதி நீங்கியது என்னும் பகுப்பு, வேதவாசிப்பு சார்ந்ததாக மட்டுமன்றி அதிகாரம் சார்ந்ததாகவும் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உடன்படிக்கை, நியாயப்பிரமாணம், திருச்சட்டம், ஓய்வுநாள், நாட்டுச் சபை, சட்டாம்பிள்ளை.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருநெல்வேலி மாவட்டம் தெற்கே தேரிக்காடுகள் முதல் வடக்கே கரிசல் நிலம் வரை பரந்திருந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள சிவகாசியும் அதனை ஒட்டிய விஸ்வநத்தம் முதலிய ஊர்களும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும் வரை அம்மாவட்டத்தின் வடபகுதியாகவே இருந்தன. இவ்வடபகுதியில் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த ராக்லண்ட் 1854 முதல் ஊர் ஊராகச் சென்று நற்செய்திப் பணியாற்றி, 1858இல் சிவகாசியில் மறைந்தார். அதே ஆண்டுகளில் தென்பகுதியில், சங்கங்களின் பிடிக்கு வெளியே தமிழ்க் கிறிஸ்தவர் சிலர் தமக்கென ஒரு சபையை அமைத்தனர். வடக்கே ஒரு மிஷன் களம் விரிந்துகொண்டிருந்தபோது, தெற்கே அத்தகைய மிஷனின் அடிப்படையையே வினவும் குரல் எழுந்தது. அக்குரல் இறைச்சட்டம் என்னும் பொருளைப் பற்றி நின்றதே இங்கு ஆராயத்தக்கது.

சட்டத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

எபிரேய மொழியில் ‘தோரா’ என்பது போதித்தல், வழிகாட்டுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. அது கட்டளைகளை மட்டுமன்றி வரலாற்றையும் வாக்குறுதியையும் உள்ளடக்கியது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘நோமோஸ்’ ஆனபோது சட்டம் என்னும் பொருள் மேலோங்கியது. தமிழில் 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் ‘நியாயப்பிரமாணம்’ என்னும் வடசொற்றொடரைக் கையாண்டது. ‘பிரமாணம்’ என்பது தருக்க நூல்களில் அறிவுக்கு ஆதாரமானதைக் குறிக்கும். ஆதலால், மீற முடியாத அளவுகோல் என்னும் தொனி அச்சொல்லில் கலந்துவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘திருச்சட்டம்’ என்றது. இச்சொல் எளிமையானது; எனினும் ‘தோரா’வின் போதனைப் பொருள் இதிலும் முழுமையாக வெளிப்படவில்லை.

பத்துக் கட்டளைகளைக் குறித்துச் சீர்திருத்தச் சபை மரபில் வழங்கிய ‘பத்துக் கற்பனைகள்’ என்னும் தொடரும் கருதத்தக்கது. ‘கற்பனை’ என்பதற்கு ஏவல், கட்டளை என்னும் பொருள் முன்னர் இருந்தது. இன்றைய வழக்கில் அது மனப்புனைவைக் குறிப்பதால், ஆலய வழிபாட்டில் மட்டுமே பழம்பொருள் எஞ்சியுள்ளது. இவ்வாறே ‘உடன்படிக்கை’ என்பது இருதரப்பு இசைவையும், ‘ஏற்பாடு’ என்பது ஒருவர் அமைத்துவைத்த ஒழுங்கையும் நினைவூட்டுகின்றன. கிரேக்க ‘தியாதேக்கே’ என்னும் சொல் உடன்படிக்கை, மரணசாசனம் ஆகிய இரு பொருளையும் தருவதாலேயே எபிரெயர் நிருபம் (9:15-17) ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எளிதாக நகர முடிகிறது.

பழைய உடன்படிக்கையில் சட்டத்தின் இடம்

பழைய ஏற்பாட்டில் உடன்படிக்கை சட்டத்திற்கு முற்பட்டது. நோவாவோடும் ஆபிரகாமோடும் உடன்படிக்கை செய்யப்பட்ட பின்னரே சீனாய் மலையில் சட்டம் அருளப்படுகிறது. பத்துக் கட்டளைகளின் முகப்பில் ஏவல் இல்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர் யார் என்னும் அறிவிப்பே உள்ளது (யாத்திராகமம் 20:2). மீட்பைப் பெறுவதற்காகச் சட்டம் கைக்கொள்ளப்படவில்லை. மீட்கப்பட்ட மக்கள் வாழ வேண்டிய முறையாகவே அது தரப்பட்டது. பிற்கால யூத மரபு இச்சட்டத்தில் 613 கட்டளைகளைக் கணக்கிட்டது. அவற்றுள் 248 செய்யத்தக்கன, 365 விலக்கத்தக்கன.

இக்கட்டளைகளை ஒழுக்கம், சடங்கு, நீதி என மூவகைப்படுத்தும் குறிப்பு ஐந்தாகமங்களில் இல்லை. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் பிறனிடத்தில் அன்புகூரும் கட்டளையை (19:18) அடுத்த வசனத்திலேயே இருவகை விதைகளைக் கலந்து விதைக்கக் கூடாது என்னும் விதி வருகிறது. இரண்டும் ஒரே ஆண்டவரின் பெயரால், ஒரே தொனியில் சொல்லப்படுகின்றன. பகுப்பு பின்வந்த வாசகர்களுடையது என்பதற்கு இது சான்றாகும்.

புதிய உடன்படிக்கையின் மறுவாசிப்பு

‘புதிய உடன்படிக்கை’ என்னும் தொடர் பழைய ஏற்பாட்டிற்குள்ளேயே தோன்றுகிறது. எரேமியா (31:31-34) கூறும் புதுமை சட்டத்தை நீக்குவதன்று. கற்பலகையில் இருந்ததை உள்ளத்தில் எழுதுவதாகும். இதனை விரித்துரைக்கும் எபிரெயர் நிருபமோ பழையது உருவழிந்து மறையும் நிலையில் உள்ளது என்கிறது (8:13). தொடர்ச்சி, முடிவு ஆகிய இரு கருத்துகளும் ஒரே மேற்கோளைச் சார்ந்தே நிற்கின்றன.

மத்தேயு நற்செய்தியில் இயேசு சட்டத்தை அழிப்பவராக அன்றி நிறைவேற்றுபவராகத் தம்மை அறிவிக்கிறார் (5:17). தொடர்ந்து கொலையைக் கோபத்திலும் விபசாரத்தை இச்சையிலும் வேர்காணச் செய்து சட்டத்தை மேலும் ஆழப்படுத்துகிறார். பவுலோ சட்டம் பரிசுத்தமானது என்றும் (ரோமர் 7:12), கிறிஸ்துவிடம் சேரும் வரை அது சிறுவனை அழைத்துச் செல்லும் காவலாள் போன்றது என்றும் (கலாத்தியர் 3:24) உரைக்கிறார். இங்குக் கிரேக்க மூலம் குறிப்பது பாடம் சொல்பவரை அன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பணியாளரை. ஐக்கியத் திருப்புதல் ‘உபாத்தி’ என மொழிபெயர்த்ததால் தமிழில் அவர் ஆசிரியராகிவிட்டார். காவலாளின் பணி முடிவுறும். ஆசிரியரின் மதிப்போ மாணவன் வளர்ந்த பின்னும் நீடிக்கும். சொல்லின் இம்மாற்றம் சட்டத்தின் தற்காலிகத் தன்மையைத் தமிழ் வாசகர்க்குச் சற்று மறைத்தது எனலாம்.

நடைமுறைத் தீர்வை எருசலேம் ஆலோசனைக் கூட்டம் வழங்கியது (அப்போஸ்தலர் 15). புறவினத்தார் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை விலக்கினால் போதும் என அக்கூட்டம் முடிவு செய்தது. ஒரு மக்களின் வழக்கங்களை மேற்கொள்ளாமலேயே வேறொரு மக்கள் அதே கடவுளைச் சேர முடியும் என்பதே இம்முடிவின் உட்பொருள்.

மூவகைப் பகுப்பும் ஓய்வுநாளும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பழைய சட்டத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நீதிச் சட்டம் எனத் தெளிவாக வகுத்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுள் ஏழாவது இப்பகுப்பை ஏற்றது. சடங்குகள் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தா. அரசு நெறிகளை எந்நாடும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஒழுக்கக் கட்டளைகளிலிருந்து எவர்க்கும் விலக்கில்லை என்பதே அதன் சாரம். நாசரேத்தில் பணியாற்றிய மிஷனரிகள் இக்கோட்பாட்டிற்கு உட்பட்டவர்கள்.

இப்பகுப்பின் மிகவும் நெகிழ்வான இடம் நான்காம் கட்டளை. பத்துக் கட்டளைகளுள் அமைந்திருப்பதால் அது ஒழுக்கச் சட்டம். குறித்த ஒரு நாளைப் பற்றியதால் சடங்குச் சட்டம். வழிபாட்டிற்குக் காலம் ஒதுக்குவது ஒழுக்கம் என்றும், ஏழாம் நாள் என்னும் வரையறை சடங்கு என்றும் அக்குவினாஸ் இதனைத் தீர்த்தார். கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்குரிய நாளாக ஆணையிட்டமை அரசியல் வலிமையையும் சேர்த்தது.

தமிழில் இச்சிக்கல் கூடுதல் கூர்மை பெறுகிறது. ஆங்கிலிக்க நற்கருணை வழிபாட்டு முறையில் பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும்; ஏழாம் நாளே ஓய்வுநாள் என்பது அவற்றுள் அடங்கும். ஆனால் சீர்திருத்தச் சபைத் தமிழில் ஞாயிற்றுக்கிழமையே ‘ஓய்வுநாள்’ எனப்பட்டது. ஞாயிறு வகுப்புகள் ‘ஓய்வுநாள் பள்ளி’ என்றே இன்றளவும் வழங்குகின்றன. வார நாள்களின் வரிசையில் ஞாயிறு முதலாவது, சனி இறுதியானது என்பதைத் தமிழர் எவரும் அறிவர். ஆகவே வாசிக்கப்படும் கட்டளைக்கும் வழங்கும் பெயருக்கும் இடையிலான முரண் சாதாரண விசுவாசிக்கும் புலப்படக்கூடியதே.

நாட்டுச் சபையின் எதிர்வாசிப்பு

சட்டாம்பிள்ளை என அறியப்பட்ட அருமைநாயகம் நாசரேத் மிஷனில் உபதேசியாராகப் பணியாற்றியவர். மிஷனரியோடு முரண்பட்டுப் பணியிலிருந்து விலக்கப்பட்டவர். கால்டுவெல் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட ஆங்கிலச் சிறுநூல் அச்சமூகத்தைத் தாழ்வாகச் சித்திரித்ததால், கற்ற கிறிஸ்தவர் பலர் புண்பட்டிருந்தனர். இப்பின்னணியில் 1857இல் முக்குப்பேறியில் தொடங்கிப் பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த சபை ‘இந்து கிறிஸ்தவ சபை’, ‘ஏக இரட்சகர் சபை’, ‘நாட்டுச் சபை’ எனப் பல பெயர்களால் குறிக்கப்பட்டது. இங்கு ‘இந்து’ என்பது இந்நாட்டவர் என்னும் பண்பாட்டு அடையாளமாகும்.

அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொண்டனர். நீராடித் தூய்மையுடன் வழிபடுதல், தரையில் அமர்தல், சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதல், தூபம் காட்டுதல், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளைக் கொண்டாடுதல், பெண்களுக்குரிய தீட்டுக்கால விதிகளைப் பேணுதல் ஆகியன அவர்தம் வழக்கங்கள். ஐரோப்பிய ஊதியம் பெறும் குருமாரை அவர்கள் ஏற்கவில்லை. இவ்வழக்கங்களுள் ஒவ்வொன்றிற்கும் மோசேயின் சட்டத்திலோ பழைய ஏற்பாட்டு வழிபாட்டிலோ இணை காண முடியும். அதே வேளையில் ஒவ்வொன்றும் தமிழரின் சமய வாழ்வுக்கு நெருக்கமானது. ‘அஞ்ஞான வழக்கம்’ என மிஷனரி விலக்கக்கூடிய தூபமும் நீராட்டும் லேவியராகமத்தின் துணையால் வேதவழக்கமாயின.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. கலாத்திய நாட்டில் வெளியிலிருந்து வந்தோர் சட்டத்தின் பெயரால் தம் வழக்கங்களைப் புறவினத்தார் மீது சுமத்தினர். பவுல் சட்டத்திலிருந்து விடுதலையை அறிவித்து அவர்களைக் காத்தார். திருநெல்வேலியில் வெளியிலிருந்து வந்தோர் கிருபையைப் போதித்துக்கொண்டே தம் வழக்கங்களையும் உடன் கொணர்ந்தனர். கிறிஸ்தவர் குடுமி வைக்கலாமா என்பதுகூட அக்கால மிஷனரிகளிடையே விவாதப் பொருளாயிற்று. இதற்கு மோசேயின் சட்டத்திலும் புதிய ஏற்பாட்டிலும் நேரடியான விதி இல்லை. எழுதப்பட்ட சட்டம் நீங்கிய இடத்தில் எழுதப்படாத வழக்கம் அமர்ந்தது. சட்டாம்பிள்ளையோ எழுதப்பட்ட சட்டத்தை மீட்டெடுத்து, எழுதப்படாத அதிகாரத்தை மறுத்தார். பவுல் சட்டத்தை மறுத்துக் காத்த அதே உரிமையைத்தான் நாட்டுச் சபை சட்டத்தை ஏற்றுக் காக்க முயன்றது.

எதிர்வாசிப்பின் எல்லைகள்

இம்முயற்சியை முழுமையான விடுதலை எனக் கொள்ளவும் இயலாது. முதலாவதாக, உணவு, பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள் ஆகியவற்றைக் குறித்து ஒருவரையும் குற்றப்படுத்தலாகாது என்னும் கொலோசெயர் 2:16 அச்சபையின் ஆசரிப்புக்கு இடந்தரலாம்; கட்டாயத்திற்கு இடந்தராது. இரண்டாவதாக, தீட்டு விதிகளின் சுமை பெண்கள்மீதே விழுந்தது. பெரும்பாடுள்ள பெண் தம்மைத் தொட்டதை இயேசு தீட்டாகக் கருதாமல், அவளை மகளே என அழைத்து ஏற்ற நிகழ்ச்சி (மாற்கு 5:25-34) லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தோடு இணைத்து வாசிக்க வேண்டியதாகும். மூன்றாவதாக, அச்சபை பெரும்பாலும் ஒரே சமூகத்தாரால் ஆனது. இரு இனத்தாரையும் பிரித்த சட்டச் சுவர் தகர்க்கப்பட்டது என்னும் எபேசியர் (2:14-15) கருத்து அங்கு நிறைவு பெறவில்லை. எனினும் அதே குறை, பல சமூகத்தாரை ஏற்றும் சாதிப் பிரிவினையை முற்றிலும் களையாத பிற சபைகளுக்கும் பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரகாசபுரத்திற்கு வந்த ஏழாம் நாள் அட்வெந்து சபையினரோடு ஒப்பிட்டால் நாட்டுச் சபையின் தனித்தன்மை விளங்கும். இருவரும் சனிக்கிழமையைக் கைக்கொண்டனர். ஆனால் அட்வெந்து சபையினர் ஒழுக்கச் சட்டம் நிலைத்தது, சடங்குச் சட்டம் சிலுவையில் முடிந்தது என்னும் பகுப்பை ஏற்று, ஓய்வுநாளை முதல் வகையில் சேர்த்தனர். நாட்டுச் சபையின் வாழ்முறையோ அப்பகுப்பையே பொருட்படுத்தவில்லை.

முடிவுரை

இறைச்சட்டம் பழைய உடன்படிக்கையில் மீட்கப்பட்டோரின் வாழ்முறையாக அமைந்தது. புதிய உடன்படிக்கையில் அது அன்பில் நிறைவுபெற்று உள்ளத்தில் எழுதப்படுவதாயிற்று. நிலைத்தது எது, நீங்கியது எது என்னும் எல்லைக்கோட்டை வேதம் ஒரே இடத்தில் வரைந்து தரவில்லை. அக்கோட்டைச் சபைகள் வரைகின்றன. வரையும்போது தம் பண்பாட்டையும் அதிகாரத்தையும் உடன் வரைகின்றன. சடங்குச் சட்டம் நீங்கிற்று எனக் கூறும் சபைகள் பலவும் தசமபாகத்தை இன்றும் கட்டளையாகப் போதிப்பது இதற்கு மற்றொரு சான்று.

நாட்டுச் சபை தந்த விடையை ஏற்காதோரும் அது எழுப்பிய வினாவைத் தவிர்க்க இயலாது. எச்சட்டம் யாரை விடுவிக்கிறது, அதன் சுமை யார் தோளில் ஏறுகிறது என்னும் அளவுகோல் மிஷனரியின் ஞாயிற்றுக்கும் நாட்டுச் சபையின் சனிக்கும் ஒருங்கே பொருந்தும். ஓய்வுநாள் மனிதனுக்காக ஏற்பட்டது என்னும் இயேசுவின் போதனை (மாற்கு 2:27) இவ்வளவுகோலையே சட்டத்தின் நடுவில் வைக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை மிஷன் ஆவணங்களின் வழியே மட்டும் காணாமல், தமிழ் விசுவாசிகள் வேதத்தை வாசித்த முறைகளின் வழியேயும் ஆராய்வதற்கு நாட்டுச் சபை ஒரு தகுந்த தொடக்கமாகும்.