இலையைத் திருப்பிப் பாருங்கள்

தக்காளிச் செடியில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். டீயைக் குடியுங்கள், நிதானமாகப் பேசுவோம். அந்தப் புள்ளி இன்று மாலைக்குள் செடியைக் கொன்றுவிடாது. காரணம் தெரியாமல் அடிக்கிற மருந்துதான் காசுக்கும் கேடு, செடிக்கும் கேடு.

முதலில் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். தக்காளியில் அடிக்கடி வருவது இலைக்கருகல். முதிர்ந்த அடி இலைகளில்தான் தொடங்கும். பழுப்புப் புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாக வரிகள் இருக்கும். சுற்றிலும் இலை மஞ்சளாகும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வேலை இது. உதிர்ந்த சருகிலும் மண்ணிலும் தங்கியிருக்கும். மழைத்துளியோ நாம் ஊற்றும் தண்ணீரோ மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறிவிடும். கீழிருந்து மேலே பரவுவது அதனால்தான்.

மிளகாயில் புள்ளியின் நடு வெளுத்து, ஓரம் கரும்பழுப்பாக இருந்தால் அதுவும் பூஞ்சைதான், செர்கோஸ்போரா என்பார்கள். அதே மிளகாயில் சின்னச் சின்னதாக, நீர் கோத்த மாதிரி தொடங்கிப் பிறகு கறுத்துப்போகும் புள்ளிகள் பாக்டீரியாவால் வருபவை. பீர்க்கு, வெள்ளரி இலைகளில் நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான மஞ்சள் திட்டு தெரிந்தால், காலை ஈரம் காயுமுன் அடிப்பக்கம் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய்.

நோயே இல்லாத புள்ளிகளும் உண்டு. வளைந்து நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடு, இலைக்குள் புகுந்து தின்னும் ஒரு புழுவின் தடம். இலை முழுக்க ஊசி குத்தியதுபோல் வெளிறியிருந்தால், ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் துகள்கள் ஊர்ந்தால் சிலந்திப்பேன். இவற்றுக்குப் பூஞ்சை மருந்து அடித்து என்ன பயன்? வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலை பின்னியிருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் பக்கத்துச் செடிகளையாவது காப்பாற்றலாம்.

பூஞ்சைதான் என்று தெரிந்தால், புள்ளி விழுந்த அடி இலைகளை இலை ஈரமில்லாத நேரத்தில் கிள்ளி எடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள்; பூவாளியால் தலையில் தெளிக்க வேண்டாம். மண்மேல் நோயில்லாத காய்ந்த சருகோ தேங்காய் நாரோ மூடாக்காகப் போட்டால் தெறிப்பு நின்றுவிடும். தொட்டிகளுக்கு நடுவே காற்று புகட்டும். என்னைக் கேட்டால், வீட்டுத் தோட்டத்தில் பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்கலாம். வேகமாகப் பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம்; பாக்டீரியாப் புள்ளியின் பரவலையும் இது குறைக்கும். இரண்டையும் சேர்த்துக் கலக்காதீர்கள். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. தாமிரம் அதைக் கொன்றுவிடும். தாமிர மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதைப் பொட்டலத்தில் படித்துப் பின்பற்றுங்கள்.

புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது. மருந்து கேட்டதா என்பதைப் புதுத் துளிரில்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். நோய் கண்ட தொட்டியில் அடுத்த முறை இவற்றை வைக்காதீர்கள். கீரையோ அவரையோ போடுங்கள்.