முதல் இரண்டு நாள் கூலி

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் காட்டில் மழை இறங்கினால் கூடவே காய்ச்சலும் வரும். தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது பெரும்பாலும் இந்த வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான். அதே மாதங்களிலும் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார்கள்; பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைக்கிறார்கள். அடைத்த பெட்டிக்குத்தான் கூலி. காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேன் ஏறுகிறவளை விவரம் தெரியாதவள் என்று சொல்லிவிடுவது சுலபம்; அவளோ கணக்குப் பார்த்துத்தான் ஏறுகிறாள். 1957இல் ஆசிய ஃப்ளூ சென்னைத் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் நுழைந்தது; 2009 ஜூனில் பன்றிக்காய்ச்சலை உலகக் கொள்ளைநோய் என்று அறிவித்தார்கள். இனியும் ஒன்று வரும். அதற்கு ஒரு கம்பெனி தயாரா என்று அறிய வாசலில் சானிடைசர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, படுத்த நாளுக்குக் காசு உண்டா என்று கேட்க வேண்டும்.

சட்டத்தில் உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத தொழிற்கூடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும்; பீஸ் ரேட் என்பதற்காக யாரையும் விலக்க முடியாது. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். நோயில் படுத்தால் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்தச் சமயத்தில் வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. ஆனால் புதிதாக நோயில் படுக்கும்போது முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஃப்ளூவோ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, முதல் மூன்று நாட்களில்தான் மும்முரமாகப் பரவுகிறது. எந்த நாளில் அவள் வீட்டில் இருந்தே ஆக வேண்டுமோ, அந்த நாளுக்குத்தான் விதி கையை விரிக்கிறது.

கொள்ளைநோய் வந்தபின் அரசு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தமில்லாமல் சம்பளம் தரச் சொல்லி உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மே மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. பீஸ் ரேட்டுக்குக் குச்சி அடைப்பவள் யாரிடம் போய்ப் பேசுவாள்?

சிறு முதலாளி எங்கே போவார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி இரண்டு ரூபாயாக 2021 டிசம்பர் வரை, 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கமான தொழில். ஆனாலும் 91 நாளின் சுமை ஈஎஸ்ஐ நிதியின் மேல்தான் இருக்கிறது. மிஞ்சுவது இரண்டு நாள். ஒருத்தி இருமிக்கொண்டே வந்து வரிசை முழுவதும் படுத்தால் ஆர்டர் நின்றுபோகிற நஷ்டத்தைவிட அது சிறிது. கொள்ளைநோய் அறிவிக்கப்பட்டால் முதல் நாளிலிருந்தே பணம் என்று ஈஎஸ்ஐ விதியிலேயே முன்கூட்டி எழுதிவைத்துவிட்டால் அந்தச் சுமையும் முதலாளிக்கு இல்லை. பொய்க் காய்ச்சல் சொல்வார்களே என்ற பயத்துக்கும் பெரிய ஆதாரமில்லை. டாக்டர் சான்று வேண்டும். அப்போதும் நூறு ரூபாய் கூலியில் முப்பது போய்விடும்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால்தான் இந்தப் பணம் கிடைக்கும். மழைக்காலக் காய்ச்சலுக்குக் கணக்கில் எடுப்பது அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதம். கரிசலில் உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுப்பு, பிறகு அறுவடை என்று காட்டுவேலை அவளைக் கூப்பிடுவதும் அந்த மாதங்களில்தான். காட்டுக்குப் போன நாட்கள் கம்பெனிப் பதிவேட்டில் ஏறாது. கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டுமாவது அந்த 78ஐத் தளர்த்தாவிட்டால், வருடம் தவறாமல் பணம் கட்டியவளும் காய்ச்சலோடு வேன் ஏறுவாள். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவர்களில் பலர் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.