தபாலில் வந்த பூதங்கள்

ரஸ்ட் மான்ஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. துருப்பூதம். ஆளைக் கடிக்காது, ரத்தம் குடிக்காது. அதன் உணர்கொம்பு பட்டால் போதும், இரும்பு துருவாகி உதிர்ந்துவிடும். அந்தத் துருதான் அதற்குச் சாப்பாடு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறவர்களில் பலர் நெருப்பு கக்கும் டிராகனுக்குக்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள். உயிர் போனால் போகட்டும், பாடுபட்டுச் சேர்த்த பொற்காசில் வாங்கிய கவசம் போகலாமா?

இதன் பூர்வீகம் ஒரு பிளாஸ்டிக் பொம்மைப் பை. ஹாங்காங்கில் தயாராகி அமெரிக்கக் கடைகளில் சல்லிசாக விற்ற பொம்மைகள். என்ன மிருகம் என்று யாராலும் சொல்ல முடியாத உருவங்கள். ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகேக்ஸ் அவற்றை வாங்கி மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்தார். அந்தப் பையிலிருந்து வந்த இன்னொன்று, மண்ணுக்கடியில் நீந்திவந்து பாயும் ‘புலே’. 1976 ஜூனில் வெளியான ‘தி டிராகன்’ பத்திரிகையின் முதல் இதழிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ஆட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் நான்தான் மாஸ்டர். சுண்டல் செலவும் என்னுடையதே.

ஒருநாள் துருப்பூதத்தை அவிழ்த்துவிட்டேன்.

“சித்தி, என் வாள்?”

“துரு.”

“கவசம்?”

“அதுவும்தான்.”

அவன் முகம் தொங்கிப்போனது. பக்கத்திலிருந்த பெண் சும்மா இருக்கவில்லை. அவளுடைய திருடியின் பையில் கயிறு கட்டி ஏற இரும்பு முளைகள் இருந்தன. “அள்ளி அது முன்னாடி போடறேன். தின்னுட்டிருக்கட்டும், நாம ஓடிடலாம்” என்றாள். 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ இதற்கு இடம் கொடுக்கிறது: முளைகளைத் தின்ன அது ஒரு சுற்று நின்றுவிடும். அந்தப் புத்தகத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பிழைத்து வந்ததும் சண்டை ஆரம்பித்தது. வெண்கலக் கவசம் என்றால் என்ன ஆகும்? எவர்சில்வர்?

இப்படிச் சண்டை போடுகிறவர்களால் வளர்ந்தவைதான் அந்தக் காலத்துப் பத்திரிகைகள். விதி புரியாமல் எழுதிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவே ‘டிராகன்’ 1979-இல் ‘சேஜ் அட்வைஸ்’ என்ற பகுதியைத் தொடங்கியது. ஆனால் எனக்குப் பிடித்தது லண்டனில் நடந்த கதை. இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்சனும் 1977-இல் ‘ஒயிட் ட்வார்ஃப்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதில் டான் டர்ன்புல் என்பவர் ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ என்ற பகுதியைக் கவனித்துக்கொண்டார். வாசகர்கள் தாங்களே கற்பனை செய்த பூதங்களை எழுதி அனுப்பலாம். தேறியவை அச்சில் வரும். எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு வேகம், புதையல் உண்டா, நல்லதா கெட்டதா என்ற கணக்கோடு அனுப்ப வேண்டும். டர்ன்புல் கணக்கில் புலி. எந்தப் பூதம் எவ்வளவு ஆபத்து என்று எண்ணில் சொல்ல ஒரு சூத்திரமே போட்டு, முதல் மூன்று இதழ்களில் விளக்கியவர்.

அப்படி எழுதி அனுப்பியவர்களில் ஒருவன் லீட்ஸ் நகரத்துப் பள்ளிக்கூடப் பையன், சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். அவன் அனுப்பிய ‘கித்யாங்கி’ 1979-இல் பன்னிரண்டாம் இதழில் வந்தது. ஒரு காலத்தில் மூளை தின்னும் கொடியவர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்து, கிளர்ந்தெழுந்து விடுதலையான போர்க்குடி. வெள்ளி வாள், சிவப்பு டிராகன் சவாரி. பெயரை மட்டும் அப்போது அவ்வளவாகத் தெரியாத ஒரு நாவலாசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டான். அவர்தான் பின்னாளில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். பையனும் வளர்ந்து ஹ்யூகோ விருது வாங்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளராகிவிட்டார்.

இப்படி வந்தவற்றில் பலவற்றைத் திரட்டி 1981-இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்று புத்தகமாக்கினார்கள். அட்டையிலேயே கித்யாங்கி. உள்ளே அபத்தங்களுக்கும் குறைவில்லை. ‘ஃப்ளம்ஃப்’ என்று ஒன்று: காற்றில் மிதக்கும் ஜெல்லிமீன், பரம சாது, கவிழ்த்துப் போட்டால் எழுந்திருக்கத் தெரியாது. ஆடுகிறவர்கள் வருடக்கணக்கில் இதைக் கிண்டலடித்தார்கள். என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே அருமையான ஜந்து அதுதான். பார்த்ததும் வெட்டத் தோன்றாத ஒன்றாவது இருக்கட்டுமே.

புத்தகத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனியின் சொந்தப் பத்திரிகை ‘டிராகன்’. அதன் 55-ஆம் இதழிலேயே அந்தப் புத்தகத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். மேய்ந்தவர்களில் முக்கியமானவர் எட் கிரீன்வுட், கனடாக்காரர், நூலகத்தில் வேலை பார்த்தவர். பல பூதங்கள் அரைகுறையாக நிற்கின்றன என்பது அவருடைய முக்கியமான புகார். டர்ன்புல்லும் அதே இதழில் பதில் எழுதினார். சிலவற்றுக்கு வருத்தம் தெரிவித்தார், சிலவற்றுக்கு வாதாடினார். தன் சரக்கைத் தானே இப்படிப் போட்டு அலசும் துணிச்சல் எத்தனை பத்திரிகைக்கு இருக்கிறது?

கிரீன்வுட் குறை சொல்வதோடு நிற்கவில்லை. 1983-இல் ‘டிராகன்’ பூதங்களின் வாழ்க்கை முறையை விவரிக்கும் கட்டுரை வரிசையைத் தொடங்கியது. முதல் கட்டுரை குகைக் கூரையில் கல்விழுதுபோலத் தொங்கி, கீழே போகிறவன் தலையில் விழும் ‘பியர்ஸர்’ பற்றியது. குறி தப்பினால் அது என்ன செய்யும்? மெல்ல ஊர்ந்து மறுபடி மேலே ஏற வேண்டும், பாவம். இந்த வரிசையில் கிரீன்வுட் எழுதியவை ஏராளம். துருப்பூதத்தின் கட்டுரையும் அவருடையதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சிறுவயதிலிருந்து கற்பனை செய்துவந்த உலகம்தான் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’. 2023-இல் உலகமெங்கும் ஆடப்பட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ கம்ப்யூட்டர் கேம் நடப்பது அங்கேதான். அதில் ஆரம்பத்திலேயே நம்மோடு சேரும் லேஸெல் ஒரு கித்யாங்கி. விமர்சகரின் ஊரில், அவர் குறை சொன்ன புத்தகத்தின் அட்டைப்பட நாயகி!

நம் ஊர்ச் சரக்கும் இந்தப் பூதக் கூட்டத்தில் உண்டு: ராட்சசன். புலித்தலை, பின்பக்கமாகத் திரும்பிய உள்ளங்கை, வாயில் புகைக்குழாய். மந்திரித்த அம்பு பட்டால் செத்துவிடுவான். கைகேக்ஸ் இதை எடுத்தது ராமாயணத்திலிருந்து அல்ல, ‘கோல்ச்சாக்’ என்ற அமெரிக்க டிவி தொடரிலிருந்து. பத்துத் தலை ராவணனைக் கேட்டு வளர்ந்த என் ஆட்டக்காரர்கள் இதை ஏற்க மறுத்துவிட்டார்கள். எங்கள் மேசையில் ராட்சசன் புலியில்லை, புகைப்பதும் இல்லை.

பூதங்கள் மட்டுமல்ல, கதைகளும் தபாலில் வந்தன. 1986-இல் தொடங்கிய ‘டன்ஜன்’ பத்திரிகை, வாசகர்கள் அனுப்பிய சாகசக் கதைகளாலேயே ஓடியது. 1988-இல் அதில் முதல் சாகசத்தை எழுதிய கிறிஸ் பெர்கின்ஸ், பிற்பாடு ஆட்டத்தின் தலைமைக் கதையமைப்பாளர்களில் ஒருவரானார். ‘டிராகன்’, ‘டன்ஜன்’ இரண்டின் அச்சுப் பதிப்பும் 2007-இல் நின்றது. ‘ஒயிட் ட்வார்ஃப்’ அதற்கு வெகு முன்பே சொந்தக் கம்பெனியின் போர்ப் பொம்மைகள் பக்கம் போய்விட்டது.

ஆடிப் பார்க்க ஆசை வந்தால் பெரிய செலவில்லை. அடிப்படை விதிகளை இப்போது ஆட்டத்தை வெளியிடும் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. பூதங்களை நீங்களே செய்துகொள்ளுங்கள். எங்கே தூங்கும், என்ன தின்னும், எதற்குப் பயப்படும் என்று மட்டும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆட்டக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள்.