கணக்கு சரி, அட்டவணை பிழை

கவினிக்கு 11 வயது. ரொறன்ரோவில் வசிக்கிறாள். ஒருநாள் உடல் பரிசோதனைக்காக அம்மாவுடன் டொக்டரிடம் போனாள். தாதி அவளை அளந்து பார்த்தார். உயரம் 144 சென்ரிமீற்றர், நிறை 36 கிலோ.

டொக்டர் வரும்வரை கவினி சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். அது உடற்திணிவுச் சுட்டி பற்றியது. நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். கவினி கணக்குப் போட்டாள்.

36 ÷ 1.44 = 25
25 ÷ 1.44 = 17.4

அட்டவணையில் 18.5-க்குக் கீழே "நிறை குறைவு" என்று இருந்தது. அவள் முகம் வாடியது.

"அம்மா, வகுப்பில என்னை ஈர்க்கு எண்டு பகிடி பண்ணுறது சரிதானோ?"

"நான் அப்பவே சொன்னனான், மிச்சம் வைக்காமல் சாப்பிடு எண்டு!"

அப்போது டொக்டர் வந்தார். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"கணக்கு சரி, பிள்ளை. அட்டவணையின்ர தலைப்பை வாசி பாப்பம்."

"பெரியவர்களுக்கு..." என்று கவினி மெதுவாக வாசித்தாள்.

"ஓம். பிள்ளைகள் வளருற ஆக்கள். அதனால அதே வயதுப் பிள்ளைகளோடதான் ஒப்பிட வேணும். உன்ர வயதுப் பெண்பிள்ளைகள் 100 பேரை இந்தச் சுட்டியின்படி வரிசையில நிப்பாட்டினால், நீ நடுவுக்குக் கிட்ட நிற்பாய்."

இந்தக் கணக்கைப் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெற்லே 1830-களில் கண்டறிந்தார். அவர் மருத்துவர் அல்லர். ஒருவரின் நோயைக் கண்டுபிடிக்க அவர் இதை உருவாக்கவில்லை. பலரின் சராசரியை அறியவே விரும்பினார். நிறை தசையால் வந்ததா கொழுப்பால் வந்ததா என்று இந்த எண் சொல்லாது.

"அம்மா, அந்த அட்டவணை உங்களுக்குத்தான்," என்றார் டொக்டர். "எங்கட ஆக்களுக்குச் சீக்கிரமே நீரிழிவு வரலாம். அதனால சுட்டி 23 வந்தாலே கவனிக்க வேணும்."

பிறகு இன்னொரு கணக்கையும் காட்டினார். அது உடல் மேற்பரப்பளவு. புற்றுநோய் மருந்து போன்ற கடுமையான மருந்துகளின் அளவைத் தீர்மானிக்க இது உதவுகிறது. உயரத்தையும் நிறையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.

144 × 36 = 5184
5184 ÷ 3600 = 1.44
1.44-இன் வர்க்கமூலம் 1.2

கவினியின் உடல் மேற்பரப்பளவு 1.2 சதுர மீற்றர்.

வெளியே வந்ததும் கவினி தாளைத் திருப்பினாள். "அம்மா, உங்கட உயரம் எவ்வளவு?"

அம்மா சிரித்தார். "முதல்ல வீட்ட போவம், வா!"

சொற்பொருள்
ஈர்க்கு – தென்னோலையின் நடுவில் உள்ள மெல்லிய குச்சி
பகிடி – கேலி
வர்க்கமூலம் – தன்னைத் தானே பெருக்கினால் அந்த எண்ணைத் தரும் எண்

பயிற்சி
1. கவினி ஏன் கவலைப்பட்டாள்?
2. கணக்குச் சரியாக இருந்தும் முடிவு ஏன் பிழையானது?
3. ஒருவரின் உயரம் 160 சென்ரிமீற்றர், நிறை 64 கிலோ. அவருடைய உடற்திணிவுச் சுட்டி என்ன?
4. உங்கள் வகுப்பில் ஒருவரின் உடலைப் பற்றிப் பகிடி பண்ணினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பேசுங்கள்.