இரண்டரை ஏக்கர் வீட்டுக்காரர்களின் பாடு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோ மீட்டர் தொலைவில் ஜிம்பூம்பா என்றோர் ஊர் உள்ளது. முன்பு மாட்டுப் பண்ணைகளாக இருந்த பூமி. இப்போது அதைச் சுற்றிலும் ஒரு ஏக்கர், இரண்டரை ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இத்தகைய குடியிருப்புக்கு 'ஏக்ரேஜ்' என்று பெயர். பட்டணமும் அல்ல, பண்ணையும் அல்ல. என் அக்கா மகன் அங்கே இரண்டரை ஏக்கர் வாங்கி மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். கோபி பக்கம் மஞ்சளும் கரும்பும் பார்த்துக்கொண்டிருந்த அக்காவும் அத்தான் காலமான பிறகு அங்கேயே போய்விட்டாள். 2023 நவம்பர் கடைசியில் நான் போய் ஏழு வாரம் தங்கினேன். அக்கா என்னை வரச் சொன்னதற்கு ஒரு காரணமும் இருந்தது. கோபியில் அவள் பேரில் உள்ள ஒன்றேகால் ஏக்கரை விற்று மகனின் வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாமா என்று என்னிடம் கேட்க வேண்டும் என்றாள்.

"மாமா, அந்த வேலி வரைக்கும் நம்முதுதான்" என்று மருமகன் காட்டினான். விவசாயி கண் வேறு எதைத் தேடும்? கிணறு எங்கே என்று கேட்டேன். கிணறும் இல்லை, ஆழ்துளைக் குழாயும் இல்லை, தெருவில் நகராட்சிக் குழாயும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் மட்டும் நின்றன.

மழையே குடிநீர்

அந்த வட்டாரத்தில் நகரக் குழாய் எட்டாத வீடுகளெல்லாம் கூரையில் விழும் மழையைத்தான் குடிக்கின்றன, குளிக்கின்றன, துவைக்கின்றன. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் பெரும்பாலும் மண்ணுக்குள் இறக்கிவிட்டோம். அவர்கள் தொட்டியில் பிடித்துக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மருமகன் வீட்டுக் கூரை 250 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. பத்து மில்லி மீட்டர் மழைக்கு 2,500 லிட்டர் கிடைக்க வேண்டும். பிரிஸ்பேன் வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாக 1,000 மில்லி மீட்டரை ஒட்டி வரும். ஆகவே வருடத்துக்கு இரண்டரை லட்சம் லிட்டர். சிந்தியது சிதறியது போக இரண்டு லட்சத்துக்குக் குறையாது.

ஆனால் மழை வருடம் பூராவும் ஒரே சீராகப் பெய்வதில்லை. பெரும்பகுதி டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அவர்களுக்குக் குளிர்காலம், வானம் காய்ந்து கிடக்கும். தொட்டி ஒன்று 22,500 லிட்டர். இரண்டும் சேர்ந்து 45,000. ஐந்து பேர் ஆளுக்கு நூறு லிட்டர் வீதம் செலவழித்தால் 90 நாளில் தொட்டி தரை தட்டும். அப்புறம் லாரித் தண்ணீர்தான். 2007இல் பிரிஸ்பேன் நகருக்குத் தண்ணீர் தரும் அணைகளே கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயின. அப்படியொரு வறட்சியில் தொட்டியை மட்டும் நம்பிய வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டி வைத்தால் போதாது, பண்டுவமும் வேண்டும். நம் ஊரில் தைல மரம் என்கிறோமே, அதன் தாயகம் அந்த நாடு. அதன் இலை ஓயாமல் கூரையில் உதிரும். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயை மாதம் ஒரு முறையாவது வழித்தெடுக்க வேண்டும். முதல் மழையில் கழுவி வரும் தூசியும் பறவை எச்சமும் தொட்டிக்குள் போகாமல் தனிக் குழாயில் தங்கி வெளியேறும்படி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தொட்டியின் வாய்களுக்கெல்லாம் ஒரு மில்லி மீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலை கட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம், கொசு புகக்கூடாது. இதை நம்மவர்கள் காப்பி அடித்தால் தப்பில்லை.

கழிவுநீரும் அவரவர் பொறுப்பே. தெருவில் சாக்கடை கிடையாது. மருமகன் வீட்டில் காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் சிறு நிலையம் ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. தெளிந்த நீரைப் புல்தரையில் தெளிக்கிறது. காய்கறிப் பாத்திக்கு விடக்கூடாது. உரிமம் பெற்ற ஆள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துப் போகிறார். அதற்கும் பணம்.

புல்லும் எறும்பும்

போன மறுநாளே அக்கா சொன்ன முதல் வார்த்தை இது: "ஏன் தம்பி, இத்தனை புல்லை வெட்டி வீசுறானே, பாக்கப் பாக்க வயிறு எரியுது." அவள் சொன்னது மெய்தான். கோடையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடுகிறது. பத்து நாளைக்கு ஒரு முறை, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் ஏறி மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறான். விட்டுவிட்டால் பாம்பு, காய்ந்தால் தீ.

ஒரு கறவை மாடு கட்டலாமே என்றேன். கட்டலாம், ஆனால் ஒரே ஒரு மாடு, ஆடு, குதிரை வைத்தாலும் அந்த நிலத்தை அரசிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். மாட்டுக்குக் காதில் அடையாளம் போட வேண்டும். உண்ணித் தொல்லை வேறு. கோடையில் தின்று தீராத புல், குளிர்காலத்தில் சருகாகிவிடும். அப்போது வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டும். பிரிஸ்பேனுக்குப் போக வர நூறு கிலோ மீட்டர் கார் ஓட்டி வேலை பார்க்கிறவன் எந்நேரம் பால் கறப்பான்? பக்கத்து ஐந்து ஏக்கர்க்காரர் குதிரை வளர்க்கிறார். அவர் பழ மரத்தடியில் தீவனம் வைப்பதே இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் ஹென்ட்ரா என்ற கொடிய வைரஸ் 1994இல் பிரிஸ்பேனில்தான் முதலில் கண்டறியப்பட்டது.

வேலியோரம் நம்ம உண்ணிச்செடி பூத்துக் கிடந்தது கண்டு வியந்தேன். மாடு தின்றால் தோல் வெந்து போகும் அதே செடி. அங்கும் தீராத தலைவலி. நானும் மருமகனும் இரண்டு நாள் வெட்டிக் குவித்தோம். காய்ந்ததும் தீ வைத்துவிடலாம் என்று நான் தீப்பெட்டியை எடுக்க, அவன் பதறிவிட்டான். எந்தப் பக்கம் அளந்தாலும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட குவியலைக் கொளுத்த அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இலவசம், அந்தப் பகுதிக்கென்று உள்ள தீக் காவலர் தருவார். அங்கே தீயணைப்புப் படை என்பதும் பெரும்பாலும் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துவது.

இன்னொரு சங்கடம் நெருப்பெறும்பு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த எறும்பு 2001இல் பிரிஸ்பேனில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று முதல் ஒழிக்கப் பாடுபடுகிறார்கள், இன்னும் முடியவில்லை. கூடு மண்மேடாக இருக்கும், மேலே வாசல் துளை தெரியாது. சீண்டினால் கூட்டமாக ஏறிக் கடிக்கும். மக்காச்சோளக் குருணையைச் சோயா எண்ணெயில் ஊற வைத்து, பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துத் தூவுகிறார்கள். வேலைக்கார எறும்புகள் இதை உணவென்று கூட்டுக்குள் கொண்டுபோக, ராணியின் இனப்பெருக்கம் நின்று கூடு மெல்ல அழிகிறது. எறும்பு உள்ள வட்டாரத்திலிருந்து மண், எரு, வைக்கோல், தொட்டிச் செடி எதையும் இஷ்டத்துக்கு எடுத்துப் போக முடியாது. அக்கா ஆசையாகப் பதியம் போட்ட கறிவேப்பிலைக் கன்றை வெளியூர் சிநேகிதிக்குக் கொடுப்பதற்கு விதி பார்க்க வேண்டியிருந்தது!

கடைக்கு ஏழு கிலோ மீட்டர்

இவ்வளவும் சமாளிக்கலாம். அக்காவை வாட்டியது வேறு. பால் வாங்க ஏழு கிலோ மீட்டர். தெருவில் நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது. பஸ் உண்டென்றாலும் நெடுஞ்சாலையோடு சரி. வீட்டிலிருந்து அங்கே போகவே கார் வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைக்கும் காரில்தான் போக வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை, கோபிச் சந்தைக்குத் தனியாகப் போய் வந்த மனுஷி வேலிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நகரத்தை ஒட்டித் தோட்டத்தோடு மனை வாங்கும் நம்மவர்கள் தண்ணீரை விசாரிக்கிறார்கள், பட்டாவை விசாரிக்கிறார்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர் என்ன செய்வார் என்று விசாரித்து நான் பார்த்ததில்லை.

2023 டிசம்பர் 25ஆம் தேதி இரவு அந்த வட்டாரத்தில் பெரும் புயற்காற்று அடித்தது. மரங்கள் மின்கம்பி மேல் சாய்ந்தன. லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போயிற்று; சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேலும் வரவில்லை. எங்களுக்கு ஐந்தாம் நாள் வந்தது. வேடிக்கை என்னவென்றால், மழையில் தொட்டி இரண்டும் நிரம்பி வழிந்தன. வீட்டுக் குழாயில் சொட்டு இல்லை. மோட்டார் ஓடினால்தானே தண்ணீர் வரும்? கழிவுநீர் நிலையத்தின் காற்றூதியும் நின்றுவிட்டது. கைப்பேசியும் செத்துவிட்டது.

மருமகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அக்கா தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து வாளியில் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். குளியலறைக்கு இரண்டு, சமையலுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டாள். வெளியே மூன்று கல் கூட்டி, வெட்டிப் போட்ட மரக்கிளையில் சோறு பொங்கினாள். மறுநாள் குதிரைக்காரர் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு அரை மணி நேரம் என்று ஐந்து வீட்டு மோட்டாரையும் முறை வைத்து ஓட்டினார். நம் பொதுக்கிணற்று முறைத் தண்ணீர்தான், வேறென்ன! எட்டு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் கையாட்டியதோடு சரியாக இருந்தவர்கள், அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டு அடுப்பில் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவர் கொடுத்த முட்டைக்கு அக்கா முருங்கைக்காய் கொடுத்தாள். அது இப்போதும் நடக்கிறது.

நான் கிளம்பும் முன் நிலத்தை விற்கும் பேச்சை மருமகனே எடுத்தான். "வேண்டாம் மாமா. அம்மாவுக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும்" என்றான். நானும் அதையே சொல்ல இருந்தேன். குத்தகைக்காரரிடம் பேசி இன்னும் மூன்று வருடத்துக்கு எழுதிக்கொண்டோம்.

அவனும் அடுத்த மாதமே ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட்டான். அக்கா அறுபத்து மூன்று வயதில் கார் ஓட்டப் பழகுகிறாள். பயிற்சிக்குப் பக்கத்தில் உட்காருவது அந்தக் குதிரைக்காரரின் மனைவி. சென்ற வாரம் போனில் பேசியபோது, வண்டியைத் தானே பால் கடை வரை ஓட்டியதாகவும், திரும்பும்போது ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்து உயிர் போய்விட்டது என்றும் சொன்னாள்.