நோய்ப்படுக்கையில் எழுந்த சிந்தனைகள்

நம் மூலக்குளத்திற்கு அரிக்கமேடு தொலைவில் இல்லை. 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அத்தகைய கலங்கள் கடல் கடந்து இக்கரைக்கு வந்த காலத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ரோமில் செனெகா என்னும் அறிஞர் வாழ்ந்தார். இந்தியாவைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார், அது அழிந்துவிட்டது. நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்கள் எஞ்சியுள்ளன. நோயுற்றோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் பயன்தரும் கருத்துகள் அவற்றில் உண்டு.

செனெகா ஸ்டோயிக் நெறியைச் சார்ந்தவர். கி.மு. 300-ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரின் தூண் மண்டபம் ஒன்றில் ஜீனோ கற்பித்த நெறி இது. மண்டபத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று. இந்நெறியை எளிமையாக உரைத்தவர் எபிக்டெட்டஸ். அவர் அடிமையாய் இருந்தவர், கால் ஊனமுற்றவர். அவருடைய போதனைகளை மாணவர் அரியன் 'கையேடு' என்னும் சிறுநூலாகத் தொகுத்தார். சில நம் வசத்தில் உள்ளன, சில இல்லை என்பதே அதன் தொடக்கம். உடலும் செல்வமும் புகழும் நம் வசத்தில் இல்லை. எண்ணமும் விருப்பமும் முயற்சியும் நம் வசத்தில் உள்ளன.

இதனை 'எல்லாம் விதி' என்று சோர்ந்திருக்கச் சொல்வதாகக் கொள்ளலாகாது. பரிசோதனையின் முடிவு நம் கையில் இல்லை. மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதும், ஐயங்களை மருத்துவரிடம் கேட்பதும், வலியை மறைக்காமல் சொல்வதும் நம் கையில் உள்ளன.

செனெகா மூச்சிரைப்பால் நெடுங்காலம் துன்புற்றார். இளமையில் நோய் முற்றி உயிரையே வெறுத்ததையும், முதிய தந்தை அப்பிரிவைத் தாங்கமாட்டார் என்று எண்ணி வாழத் துணிந்ததையும் 78-ஆம் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார். அத்தகைய எண்ணம் நம்மில் எவருக்கேனும் எழுமாயின், மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே கூறுதல் வேண்டும்.

மரண அச்சம், உடல் வலி, இன்பங்களின் இழப்பு ஆகிய மூன்றும் நோயின் துன்பங்கள் என்கிறார் அவர். இவற்றோடு நேற்றைய வலியின் நினைவையும் நாளைய வலியின் அச்சத்தையும் நாமே சேர்த்துக்கொள்கிறோம். அவ்விரண்டையும் விலக்கினால் இன்றைய வலி மட்டுமே எஞ்சும், சுமை குறையும்.

மனவுறுதியைப் போற்றிய அதே கடிதத்தில், நண்பர்களின் ஊக்கமொழியும், உடன் விழித்திருந்த இரவுகளும், உரையாடலும் தாம் நலம்பெறப் பெரிதும் உதவியதாகச் செனெகா நன்றியோடு குறிப்பிடுகிறார். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்து கொடுப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கி நிறைவுறுகிறது.

ஆகவே, கட்டிலருகே விழித்திருக்கும் உறவினர்களே, நீங்களும் சிகிச்சையின் ஒரு பங்கினர். நோயின் போக்கு உங்கள் வசத்தில் இல்லை. ஓர் ஆறுதல் மொழியும், வேளைக்கு நீங்கள் உண்ணும் உணவும், பிறரிடம் பொறுப்பை மாற்றிக்கொடுத்துச் சற்றே உறங்குவதும் உங்கள் வசத்தில் உள்ளன.