மயங்கும் முன் கேட்டுவிடுங்கள்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரவு எட்டு, எட்டரை மணிவாக்கில் அந்த ஃபைல் வரும். கொண்டுவருகிறவர் இளம் டாக்டராக இருப்பார். பகல் முழுக்க ஓடிய களைப்பு முகத்தில் தெரியும். கையெழுத்து போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி ஏற்கெனவே போட்டிருக்கும். 'இங்க, இங்க, அப்புறம் இங்க' என்பார். நோயாளியின் மகனோ மனைவியோ மூன்று இடத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டு, 'காலைல எத்தனை மணிக்கு சார் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவீங்க?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்தால் போதும், நிம்மதி. போட்ட மூன்று கையெழுத்தும் எதற்கு என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்று அறுவை சிகிச்சைக்கு. இன்னொன்று மயக்க மருந்துக்கு. மூன்றாவது பெரும்பாலும் ரத்தம் ஏற்றுவதற்கு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தால் சில நேரம் நான்காவதாக ஒரு தாளும் இருக்கும். அது சிகிச்சைக்கானது அல்ல, ஆராய்ச்சிக்கானது. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த நான்காவது தாளைப் பற்றி.

கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் பொத்தேரியில் நின்றால் முதுகுப்பையோடு மாணவர் கூட்டம் இறங்கும். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறவர்களும் இருப்பார்கள். ஸ்டேஷனை ஒட்டியே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. வடக்கே குரோம்பேட்டையில் இன்னொரு கல்லூரி. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி சறுக்கி மண்டையில் அடிபட்ட ஊரப்பாக்கத்துக்காரரோ மறைமலை நகர்க்காரரோ, எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அங்கே வைத்தியம், பாடம், ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். எம்.டி. மயக்கவியல் படிக்கிற ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆய்வுக்கு நோயாளி வேண்டும். அது நீங்களாகவும் இருக்கலாம்.

பதறவேண்டாம். மூளை அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து என்பது தூங்கவைக்கிற ஊசி மட்டுமில்லை. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், மூளை புடைக்கும். ரொம்பக் குறைந்தால் குழாய்கள் சுருங்கி மூளைக்கு ரத்தம் போதாது. மண்டையோடு திறந்திருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே மூளையைத் தளர்வாக வைத்துத் தருகிறவர், மானிட்டரைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து டாக்டர்தான். தலையை அசையாமல் பிடிக்கும் கவ்வியின் ஊசிகள் தோலில் இறங்கும்போது ரத்த அழுத்தம் எகிறாமல் எதைக் கொடுக்கலாம்? வீக்கம் வடிய மானிட்டால் மேலா, அடர் உப்புக் கரைசல் மேலா? நரம்பு வழியாகப் புரோபஃபால் கொடுத்தால் சீக்கிரம் விழிக்கிறார்களா, மூச்சு வழியாகச் செவோஃப்ளூரேன் கொடுத்தாலா? இத்துறையில் நடக்கும் ஆய்வுகளில் பல இப்படிப்பட்டவை. ஒப்பிடப்படும் இரண்டுமே தினமும் புழங்கும் மருந்துகள். 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது இருந்த ஆபத்து இன்று இல்லை என்றால், இப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஒரு காரணம்.

ஆகவே ஆராய்ச்சி குற்றமில்லை. சொல்லாமல் செய்தால்தான் குற்றம்.

இந்த வித்தியாசம் நம் ஊருக்கே ஒருமுறை புரிந்தது. 2020 ஜூலை 2ஆம் தேதி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 12 மருத்துவமனைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோவாக்சின் பரிசோதனையை முடுக்கிவிடுங்கள், ஆகஸ்ட் 15க்குள் தடுப்பூசி மக்களுக்கு வந்தாக வேண்டும் என்றது கடிதம். அந்தப் பட்டியலில் பொத்தேரி மருத்துவமனையும் இருந்தது. மனிதர்களிடம் முதல் ஊசியே போடாத மருந்துக்கு ஆறு வாரத்தில் கெடுவா என்று விஞ்ஞானிகள் கொதித்தார்கள். அந்தக் கெடு நிறைவேறவில்லை. நாடு முழுக்க 375 பேரிடம் அந்த ஜூலையில் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. அவசரகால அனுமதி வந்தது 2021 ஜனவரி 3இல். நெறிமுறைக் குழு என்று ஒன்று மருத்துவமனைக்குள் இருக்கிறது, அது சம்மதிக்காமல் ஒருவர் கையிலும் ஊசி ஏற்றக் கூடாது என்பது டீக்கடைப் பேச்சாக மாறிய மாதம் அந்த ஜூலை.

2020 அக்டோபரில் சென்னையில் கோவிஷீல்டு பரிசோதனையில் பங்கெடுத்த 40 வயதுக்காரர் ஒருவர், ஊசிக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தயாரிப்பு நிறுவனமோ, பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மறுத்து, 100 கோடிக்கு மேல் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்றது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையில்லை. ஆனால் பரிசோதனைக்குத் தானாக முன்வந்த ஒருவர் புகார் சொன்னால் பதிலுக்கு மிரட்டல் வருவது முறையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்தான் இப்போது அடிப்படை. புதிய மருந்துப் பரிசோதனையில் பங்கேற்பவருக்குப் பாதிப்பு வந்தால், அதற்கும் பரிசோதனைக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரையிலோ தேவைப்படும் வரையிலோ, எது முந்தியோ அதுவரை, இலவச சிகிச்சை தர வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், பரிசோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். மரணமோ ஊனமோ பரிசோதனையால்தான் என்று முடிவானால் 8 லட்சம் ரூபாயை அடித்தளமாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் கணக்கிட்டு இழப்பீடு. உத்தரவு வந்த 30 நாளில் கொடுத்தாக வேண்டும். நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும் கட்டாயம் உட்கார வேண்டும். அவர் உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறவர்.

பழக்கத்தில் உள்ள மருந்துகளை ஒப்பிடும் கல்லூரி ஆய்வுகளுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும். ஆய்வுக்காகவே எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கோ ஸ்கேனுக்கோ உங்கள் பில்லில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. தகவல் தாள் உங்களுக்குப் புரிகிற மொழியில், நம் பக்கத்தில் என்றால் தமிழில், இருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று சொல்லலாம். அதற்காகச் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. கேஸ் ஷீட்டில் உள்ள விவரங்களை மட்டும் பெயர் நீக்கிப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கு உங்கள் ஒப்புதல் தேவையில்லை என்று நெறிமுறைக் குழு விலக்குத் தரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளை நோயில் ஒரு கூடுதல் சிக்கல். கையெழுத்து போடவேண்டியவரே நினைவில்லாமல் கிடப்பார். அப்போது சட்டப்படி உரிய உறவினர் போடலாம். உயிர் போகும் அவசரத்தில், நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதித்த ஆய்வுகளில் ஒப்புதலைத் தள்ளிவைத்துப் பெறவும் இடமுண்டு. ஆனால் அவர் கண் விழித்ததும் சொல்லியாக வேண்டும், 'வேண்டாம்' என்று அவர் சொன்னால் அத்தோடு நிறுத்த வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து போதாது; ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். 2017இல் சென்னையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விழித்திருந்தபடி, செல்போனில் கேண்டி க்ரஷ் விளையாடிக்கொண்டே மூளைக் கட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டதைப் படித்திருப்பீர்கள். அது ஆராய்ச்சியல்ல, சிகிச்சைதான். ஆனாலும் அந்த வயதுப் பிள்ளைக்கும் எடுத்துச் சொன்னால் புரியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சிகிச்சை ஒப்புதலிலும் உறவினரின் கையெழுத்துக்கு எல்லை உண்டு. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வயிற்றில் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் அந்தப் பெண் முழு மயக்கத்துக்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது, சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்தான். கட்டணமும் கேட்கக் கூடாது என்றார்கள். தொகை சிறிசு, தீர்ப்பு பெரிசு.

கொரோனா காலம் கற்றுக்கொடுத்த ஒன்றும் இங்கே சேர வேண்டும். 2020 மார்ச் 20இல் மத்திய சுகாதாரத் துறை அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போடச் சொன்னது. மூளைக் கட்டியோடு வீட்டில் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,40,231 பேரின் விவரங்களை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்று கண்ட முதல் இரண்டு வாரத்துக்குள் கத்தி வைத்தவர்களில் நூற்றுக்கு நாலு பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். ஏழு வாரம் கழித்துச் செய்தால் அது ஒன்றரையாக, தொற்றே வராதவர்கள் அளவுக்கு, இறங்கியது. தடுப்பூசி வருமுன் எடுத்த கணக்கு அது. இன்று டாக்டர் ஆளைப் பார்த்து முடிவுசெய்வார். ஆனால் சமீபத்தில் காய்ச்சல், இருமல் வந்ததை மறைத்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஆட்கள் மறைப்பதில் கெட்டிக்காரர்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதை, குடிப்பதை, பெரியப்பாவுக்கு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதைச் சொல்ல மாட்டோம். குறட்டை, ஆடும் பல், பல்செட், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் கொட்டிவிடுங்கள். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். 'ஒரு வாய் காபி' கொடுக்கிற அத்தையைத் தடுத்து நிறுத்துங்கள். 'ஆபரேஷன் முடிந்ததும் உடனே விழிப்பாரா, வென்டிலேட்டரிலேயே ஐ.சி.யூ.வுக்கு வருவாரா?' என்று முன்னாலேயே கேளுங்கள். மூளை அறுவை சிகிச்சையில் இரண்டுமே நடக்கும். தெரியாமல் போய் நின்று அலறுகிற குடும்பங்கள் அதிகம்.

நான்காவது தாள் வந்தால் கேட்கவேண்டியது சுருக்கம். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? நான் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம்? நெறிமுறைக் குழுச் செயலாளரின் தொலைபேசி எண் எது? மருந்துகளையோ சிகிச்சை முறைகளையோ ஒப்பிடும் ஆய்வு என்றால், 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டால் உங்கள் பிள்ளைகள் செல்போனிலேயே தேடிப் பார்த்துவிடுவார்கள்.

தவறு நடந்துவிட்டது என்று தோன்றினால்? மோசமான முடிவெல்லாம் அலட்சியம் அல்ல. மூளை அறுவை சிகிச்சையில் எல்லாம் சரியாகச் செய்தும் உயிர் போவதுண்டு. அதனால் வார்டில் கத்தி, கண்ணாடியை உடைத்துப் பயனில்லை. ஆராய்ச்சி சார்ந்த புகார் முதலில் நெறிமுறைக் குழுவுக்கு. டாக்டரின் நடத்தை பற்றியது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. தனியார் மருத்துவமனையின் வசதிக் குறைவுகள் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கு. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறைபாடு என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே மனித உரிமை ஆணையமும் உயர் நீதிமன்றமும்தான் வழி. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி மையத்தைக் கூப்பிடலாம்.

எங்கே போனாலும் காகிதம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் முழுக்க ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து எல்லாம் நேரத்தோடு குறிக்கப்பட்ட மயக்க மருந்துப் பதிவுத் தாளின் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002இலிருந்தே டாக்டர்களுக்கான விதி. உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தாலே அவர்கள் கடமை முடிந்தது. அதனால் நாள் கடத்த வேண்டாம். வாய்வார்த்தையாகக் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.